ஓரம் வளையாத பேனர்

அச்சுக்கடையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த முதலாளிக்கும்கூட. கண்காட்சிகளுக்குத் தூக்கிப் போய் நிறுத்தும் ஸ்டாண்டுகளில் மாட்டுகிற படத்தை எதில் அச்சடிப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. பளபளப்புத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர்களிடம், மண்டப விளக்குப் பட்டால் எழுத்தே தெரியாது என்று வாய் வலிக்கச் சொல்லுவாள். கேட்டால்தானே. மை வாடை தலைக்கேறி வீடு திரும்பும்போது பேசக்கூடத் தெம்பிருக்காது.

வீட்டுக்காரருக்கும் பிழைப்பு அதே ஸ்டாண்டோடுதான். தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனிக்காக மண்டபம் மண்டபமாக அதைச் சுமந்து போய், நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பேச வேண்டும். ஐம்பதைத் தாண்டியவரை எப்போது கழற்றிவிடலாம் என்று மேனேஜர் சாக்குத் தேடிக்கொண்டிருந்தார். பழைய பேனரின் ஓரம் சுருண்டுகொண்டது அவருக்கு வாகாகப் போயிற்று. இப்படி நின்றால் கம்பெனி மானம் என்னாவது என்று ஆரம்பித்துவிட்டார்.

அக்கா விடுவாளா? கடையில் இருந்ததிலேயே தடித்த பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்து, மேலே பளபளக்காத லேமினேஷனும் ஒட்டி, பலகை பலகையாகப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். புயலே அடித்தாலும் ஓரம் வளையாது. மேனேஜர் வேறு சாக்குத் தேடப் போனார்.

பெட்டி என்ன கனம் என்று அவளும் தூக்கிப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை தோள் வலியில் சட்டைக்குள் கையை நுழைக்க முடியாமல் அவர் திணறியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. யார் யார் பேனருக்கோ மண்டையை உடைத்துக்கொள்பவள், கட்டியவருக்கு ஓரத்தை மட்டும் பார்த்திருக்கிறாள்.

அன்றே துணியில் அச்சடித்தாள். மடித்தால் கைப்பையில் அடங்கிவிடும். ஆனால் துணிக்கென்று ஒரு சனியன் உண்டு, மடிப்புச் சுருக்கம். மேனேஜர் வருவதற்குள் அதைப் போக்கியாக வேண்டும். லீவு போட்டுவிட்டு, நீராவி இஸ்திரியோடு அவளே மண்டபத்துக்குப் போனாள்.

சட்டத்தில் மாட்டிய துணியை மேலிருந்து கீழே தேய்த்து முடித்துத் திரும்பினால், அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெண் வந்து, இந்த வடிகட்டி உப்புத் தண்ணீருக்குச் சரிப்படுமா என்று கேட்டாள். அக்கா எத்தனையோ தடவை பிழை பார்த்த வாசகங்கள், அத்தனையும் மனப்பாடம். சொல்ல ஆரம்பித்தாள். இன்னும் நாலு பேர் வந்து நின்று கேட்டார்கள்.

பேசி ஓய்ந்து திரும்பியபோது அவர் விழித்துத்தான் இருந்தார். எழுந்திருக்கவில்லை. மேனேஜர் வருகிற நேரமாயிற்று என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"வரட்டும். இன்னும் கொஞ்ச நேரம் நீயே பேசு. என்னால முடியலை."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் அவள் கேட்டதேயில்லை.

"சரி, உக்காருங்க."

வாசலில் மேனேஜர் தலை தெரிந்தது. அக்கா நாற்காலியை மறைத்துக்கொண்டு நின்றாள்.