கிரேன் லாரியின் மார்பில் குங்குமம்

லாரியாக நிற்கும்போது அந்தக் கறை வெளியே தெரியாது. முன்பக்கத்தை இரண்டாகப் பிரித்து, கிரேனின் நீண்ட கையை முதுகுக்கு மடக்கி, பின்சக்கரங்களைக் கீழே இழுத்துக் கால்களாக்கி, ரோபோவாக நிமிர்த்திவைத்தால்தான் தெரியும். மார்பின் வெள்ளைப் பிளாஸ்டிக்கில், ஒரு விரல்நுனி அகலத்துக்கு, வெளிறிய சிவப்பில் ஒரு வட்டம். இப்படி உருமாறும் ரோபோ பொம்மைகளைப் பார்த்துத் தரம் சொல்வது என் பிழைப்பு. சேகரிப்பவர்கள் பல ஊர்களிலிருந்தும் அனுப்புகிறார்கள். அசலா போலியா, மூட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஸ்டிக்கர் முதலில் ஒட்டியதா பிறகு யாரோ ஒட்டியதா, துப்பாக்கியும் கொக்கியும் கூடவே வந்தவையா என்று பார்த்துச் சொல்வேன். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் இந்தக் கிரேன் லாரிக்குத் தயங்காமல் கடைசித் தரம் போட்டிருப்பேன். போட்டும் இருக்கிறேன். ஆனால் அது என் அலமாரியின் நடுத்தட்டில் நிற்பதற்குக் காரணம் என் மாமனார்.

மாமனார் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கேஜ் பார்த்தவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்தான சுரங்கக் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக்கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகியும் மனிதர் ஷிப்டை விடவில்லை. விடியுமுன் எழுந்து குளித்து, காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். என் மனைவிக்கு உள்ளூரில் பள்ளிக்கூட வேலை. அதனால் கல்யாணமானதும் நான் அவர்களுடைய குவார்ட்டர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டேன். வீட்டோட மாப்பிள்ளை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. காலை ரயிலில் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவனை அப்படிச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்பும் குறைவு.

அந்த வீட்டில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிய நாள். சுரங்கம் ஓடிய காலத்தில் கேஜுக்கு வாழைமரம் கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் பொரி விநியோகம் என்று மாமனார் சொல்வார். மூடிய பிறகு அந்தப் பூஜையை வீட்டு முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டார். மணை போட்டு, சிவப்புத் துணி விரித்து, சாமான்களை வரிசையாக வைப்பார். எதை வைப்பது என்பதில் அவருக்கு ஒரே விதி. சோறு போடுகிற சாமான் மட்டும்தான். அவருடைய பழைய ஹெல்மெட்டுக்கு இடம் உண்டு, ஏனென்றால் பென்ஷன் அதனால் வருகிறது. மனைவியின் ஸ்கூட்டர் சாவிக்கு உண்டு. டிவிக்குக் கிடையாது. மாமியார் ஒருமுறை புது மிக்ஸியைக் கொண்டுவந்தபோது, "அது சோறு ஆக்குது, போடல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். என் லேப்டாப்புக்கு முதல் வருடத்திலிருந்தே ஹெல்மெட்டுக்குப் பக்கத்து இடம். மூடியின் நடுவில் அவரே சந்தனம் வைப்பார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

பிறகு என் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைந்தவர்களில் நானும் ஒருவன். கொஞ்சநாள் வேறு வேலை தேடினேன். அதற்குள், சின்ன வயதிலிருந்து சேர்த்துவந்த ரோபோக்களைப் பற்றி நான் எழுதிய குறிப்புகளைப் படித்து ஆட்கள் பொம்மைகளை அனுப்ப ஆரம்பித்திருந்தார்கள். அதுவே போதும் என்று தோன்றிவிட்டது. மனைவிக்குச் சம்மதம். மாமனாரோ, கூரியர்காரர் பெட்டியோடு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவார். தெருவில் யாராவது மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டால், "பெங்களூர் கம்பெனிக்கு வூட்லருந்தே பண்றாரு" என்று பழைய வேலையையே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருட ஆயுத பூஜையில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப் இல்லை. அவர் மறக்கவில்லை. அது இருந்த இடத்தை விட்டுவைத்து, அதற்கு அப்பால் ஸ்கூட்டர் சாவியை வைத்திருந்தார். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அந்தக் காலி இடத்தோடு என்ன பேசுவது? அன்றைக்குக் கொடுத்த பொரியை நான் அப்படியே வைத்துவிட்டேன்.

அந்த வருடம் முழுக்க எனக்குள் ஒரே அரிப்பு. வரும் பூஜையில் இந்த மனிதர் என்னை எங்கே வைக்கப் போகிறார்? வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்பதைத் தொடப்போகிற ஆள், மணையில் தன் சாமானுக்கு இடம் கிடைக்குமா என்று ஏங்குவதா என்பார்கள். சிரிக்கட்டும். அவர் வீட்டில் சாப்பிடுகிறவனுக்குத்தான் அது தெரியும். நான் வேலை செய்யும்போது சில நாள் கதவோரம் வந்து நிற்பார். பொம்மையின் மூட்டு ஒன்றைக் காதருகே வைத்து, மெல்லத் திருப்பி, சொடுக்குச் சத்தம் கேட்பேன். திருகாணித் தலையில் துரு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் மட்டும், "தெனிக்கும் இப்டித்தான் பாக்கணுமா மாப்ள?" என்றார். ஆமாம் மாமா, ஒன்று விட்டுப்போனாலும் வாங்குகிறவர் ஏமாந்துவிடுவார் என்றேன். "உம்" என்றார். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த பூஜைக்குக் கொஞ்சம் முன்னால்தான் மைசூர்க்காரர் ஒருவர் இந்தக் கிரேன் லாரியை அனுப்பினார். நான் பார்த்ததிலேயே நல்ல நிலையில் இருந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறவில்லை. கொக்கி இருந்தது. கொக்கியின் நூல்கூடப் பழைய நூல். என்னிடமே இதே லாரி ஒன்று உண்டு. இது அதைவிட ஒரு படி மேல். முதல் தரம் என்று எழுதிவைத்துவிட்டு, பூஜை முடிந்ததும் கூரியரில் போடலாம் என்று மேசைமேல் விட்டிருந்தேன்.

பூஜையன்று காலை பூசணிக்காயும் பூவும் வாங்க ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வந்தால், மணையில் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் கிரேன் லாரி நிற்கிறது. லாரியாகவும் இல்லை, ரோபோவாகவும் இல்லை. உருமாற்றத் தெரியாமல் மாமனார் பாதியில் விட்டிருந்தார். கால்கள் வந்திருந்தன, தலை உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது, ஒரு கை பின்னால் முறுக்கிக் கிடந்தது. திறந்த மார்பில் ஈரச் சந்தனம் அப்பி, நடுவில் தாராளமாகக் குங்குமம்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அடுத்தவருடைய பொருள். கடைக் குங்குமத்தில் கலக்கும் சாயம் அந்த மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஈரத்தோடு ஊறினால் போகாது. உடனே துடைத்தால் தப்பிக்கலாம். ஆனால் மணையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு ஆயுதத்துக்கு ஓய்வு. மனைவிக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் காதருகே வந்து, "எடுத்துடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். நான் எடுக்கக் குனியவும் செய்தேன்.

அப்போதுதான் மாமனாரோடு ஷிப்டில் இருந்த நண்பர் ஒருவர் பொரி வாங்க உள்ளே வந்தார். வரிசையைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இன்னாபா இது, கொழந்த பொம்மைய கொண்டாந்து வெச்சிகீற?"

மாமனார் கற்பூரத்தட்டைக் கீழே வைக்கவில்லை. "பொம்மை இல்லபா. மாப்ளயோட வேலை சாமான்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நிக்க வெக்கத் தெரில மாப்ள. நாளைக்கி நீங்களே சரி பண்ணிக்கோங்க" என்றார்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். மனைவி என்னைப் பார்த்தாள். இருக்கட்டும் என்று தலையாட்டினேன். அன்று பகலும் இரவும் குங்குமம் அங்கேயே ஊறியது. நான் பொரியும் கடலையும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். மறுநாள் பூஜை முடிந்து துடைத்தபோது கறை நினைத்தபடியே தங்கிவிட்டது. மைசூர்க்காரருக்குப் போன் செய்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். என் சொந்த லாரியையும், அவர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த வேறொரு ரோபோவையும் அனுப்பிவைத்தேன். அவர் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். மாமனாருக்குக் கடைசிவரை இது தெரியாது. அதன் பிறகு அவர் இருந்த ஒவ்வொரு பூஜைக்கும், மேசையிலிருந்து அதே லாரியைத்தான் எடுத்து நீட்டினேன். அவரும் ஒவ்வொரு முறையும் அதைப் பாதியில் முறுக்கிவைத்துத் தோற்றுக்கொண்டிருந்தார்.

மாமனார் காலமான பிறகு வீட்டில் காலை நேரம் அமைதியாகிவிட்டது.  போன மாதம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருந்தார். விஷயம் தெரிந்தவர். கையுறை மாட்டிக்கொண்டு கிரேன் லாரியை எடுத்து, ஒவ்வொரு மூட்டாகச் சொடுக்கிப் பார்த்தார். நிமிர்த்தி நிறுத்தியதும் கறையில் கண் நின்றது. இது மட்டும் இல்லையென்றால் முதல் தரம், இப்போது கடைசித் தரம் என்றார். சரியான மதிப்பீடு, நானும் அதையேதான் சொல்வேன் என்றேன். ஒரு ரசாயனத்தைத் தடவி வெயிலில் வைத்தால் கறை ஓரளவு போய்விடும் என்றும், அதைத் தானே செய்துகொள்வதாகவும், லாரிக்குப் பதிலாகத் தன்னிடமுள்ள எதை வேண்டுமானாலும் நான் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல பேரம்தான். அவரிடம் உள்ளவற்றில் சில நான் கனவில்கூடப் பார்க்காதவை.

நான் லாரியை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன். இந்தக் குப்பைப் பொம்மையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"பொம்மை இல்ல சார்" என்றேன். "வேலை சாமான்."