கடைசி மேசையில் தாய்மாமன்

தாய்மாமன் என்பது சம்பளமில்லாத பதவி. ஆயினும் அப்பதவியில் அமர்ந்தவருக்கு ஏறும் மிடுக்கை மாவட்ட ஆட்சியரிடமும் காண இயலாது. யாங்கோனில் தங்கை மகளுக்குத் திருமணம் என்று செய்தி வந்தபோது, சிவகங்கையில் இருந்த எனக்கு அம்மிடுக்கு இரட்டிப்பாக ஏறியது. தங்கையின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ஆகவே தாய்மாமனின் இடத்தோடு தகப்பனின் இடமும் என்னுடையது. முழங்கால் வலியால் மனைவி உடன்வர இயலவில்லை. நான் அளவுமீறும்போது சட்டையின் பின்புறத்தைப் பிடித்து இழுக்கும் கை அவளுடையது ஒன்றுதான். அதையும் ஊரில் விட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

மாப்பிள்ளை ஜப்பானியர். யாங்கோனில் உள்ள ஜப்பானிய நிறுவனமொன்றில் பொறியாளர். தங்கை மகளான என் மருமகள் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தாள். மற்றவை தாமாக நிகழ்ந்தன. திருமணம் முடிந்ததும் அவள் ஜப்பான் சென்று மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் வாழவேண்டும். அந்த மாமனார் நெடுநாள் இணங்காதிருந்து, பின்பு இணங்கி, மனைவியோடு வந்து இறங்கியிருந்தார். காலையில் கோயிலில் உங்கள் முறைப்படி தாலி, பிற்பகலில் எங்கள் முறைப்படி விருந்து என்பது அவர் கேட்ட ஏற்பாடு. விமான நிலையத்தில் குனிந்து வணங்கியவர், அதன்பின் எவரிடமும் ஒரு சொல் பேசவில்லை என்றார்கள்.

யாங்கோனின் தாமுவே வட்டாரத்தில் தையற்கடை நடத்தும் தங்கை, நான் பெட்டியைத் திறக்குமுன்பே அடுப்படிக்கு அழைத்துத் தன் கவலையைச் சொன்னாள்.

“அவரு சிரிச்சு இன்னும் ஒருத்தரும் பாக்கலண்ணே. இவ அங்க போயி தன்னந்தனியா நிக்கணும். நம்மள அவரு ஒறவா நெனச்சுட்டாருன்னா எனக்குத் தூக்கம் வந்துரும். ஒங்கள நம்பித்தான் இருக்கேன்.”

“அத எங்கிட்ட விட்டுரு” என்றேன். இப்படிச் சொல்லி நான் பொறுப்பேற்ற காரியங்களின் வரலாறு அவளுக்குத் தெரியும். இருந்தும் நம்பினாள்.

அண்டைவீட்டாரின் அன்பும் என்னைக் கெடுத்தது. தெருவில் எல்லாரும் என்னை ‘ஊஜீ’ என்றார்கள். பர்மியத்தில் அது பெரிய மாமாவைக் குறிக்கும் மரியாதைச் சொல். மருமகள் அதோடும் நிறைவடையாமல் ‘ஊஜீ மாமா’ என்று இரண்டு மொழியிலும் என்னை மாமனாக்கினாள். காலைச் சிற்றுண்டியாக வந்த மொஹிங்காவின் மீன்குழம்பைச் சைவனாகிய நான் மறுத்தபோது, ஊஜீ மிக உயர்ந்தவர் என்ற பேச்சு தெருக்கோடிவரை பரவியதாம். அதை நான் திருத்தவில்லை.

கோயிலில் என் ஆட்சி தடையின்றி நடந்தது. மாலை எடுத்துக் கொடுத்தேன். பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். ஐயருக்கே இரண்டு இடங்களில் வழிகாட்டினேன். மாமனார் முழங்கால்மேல் கைகளை வைத்து, அசையாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெருமை அவர் மனத்தில் பதிகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அங்கிருந்து விடுதிக்குப் போகும் வழியில் நகர நடுவிலுள்ள கியாக்டடாவின் பேருந்துகளுக்கு நடுவே எங்கள் வண்டி ஊர்ந்தது. அப்போது தங்கை, விருந்தில் யார் எங்கே அமர்வது என்பதைப் பற்றி ஏதோ விளக்கிக்கொண்டே வந்தாள். நான் மணமக்களுக்குக் கூறவிருந்த நெடிய வாழ்த்துரையை மனத்துள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் “சரி, சரி” என்றேன். மனைவியிடம் நாற்பதாண்டு பழகிய முறை அது. அதுவரை பெரிய சேதம் விளைந்ததில்லை.

விருந்துக்கூடம் அழகாக இருந்தது. முன்புறம் மணமக்களுக்கு மலரால் அணிசெய்த நீண்ட மேசை. எதிரே வட்ட மேசைகள். ஒவ்வோர் இருக்கைக்கு நேராகவும் பெயரெழுதிய அட்டை. என் பெயரைத் தேடிக்கொண்டு முன்வரிசையிலிருந்து புறப்பட்டேன். வரிசைகள் கழியக் கழிய என் நடையும் தளர்ந்தது. கடைசியில், பரிமாறுவோர் வந்துபோகும் கதவருகே இருந்த மேசையில் என் பெயர் அகப்பட்டது. கதவு திறக்கும்போதெல்லாம் அந்த நாற்காலியின் முதுகில் இடித்தது.

அதே மேசையில் மாமனாரும் மாமியாரும் அமர்ந்திருந்தார்கள். பாவம், இவர்களையும் இப்படிச் செய்துவிட்டார்களே என்று இரங்கினேன். இவர்கள் அடக்கமானவர்கள், பொறுத்துக்கொள்கிறார்கள். நான் தாய்மாமன், பொறுக்கலாகாது என்றும் தோன்றியது. மாமனார் எழுந்து, தம் பக்கத்து நாற்காலியை இரண்டு கையாலும் எனக்காக இழுத்துவைத்தார். நான் ஆறுதல் சொல்பவனைப்போல அவரைக் கும்பிட்டுவிட்டு முன்னே நடந்தேன். மணமக்களுக்கு மிக அருகிலிருந்த மேசையில் நடு நாற்காலியைத் தேர்ந்து அமர்ந்தேன். மருமகளின் முகம் வெளுத்தது. பெரிய மாமன் அருகில் வந்துவிட்ட நெகிழ்ச்சி என்று கொண்டேன்.

சற்று நேரத்தில் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று குனிந்து வணங்கினார். இவ்வளவு துப்புரவாக உடுத்தியவர் விடுதியின் மேற்பார்வையாளராகத்தான் இருக்கவேண்டும். வாழ்த்துரைக்குத் தொண்டை ஆயத்தமாக இருக்கவேண்டுமே என்று, ஆவி பறக்கும் வெந்நீரைக் கைச்சாடையால் கேட்டேன். அவர் என்னை ஒருகணம் பார்த்தார். பின்பு தாமே போய், இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து வைத்தார். நன்று என்று தலையசைத்தேன். அவர் நகராமல் நின்றதை நல்ல பணிவு என்று மெச்சினேன்.

சுற்றிலும் நின்ற பர்மியப் பணியாளர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறர் மனம் நோகுமே என்று தயங்கி வாய்மூடி இருப்பதற்கு இவ்வூரில் ‘ஆனாடே’ என்று பெயர். அப்பண்பு அன்று கூடம் முழுதும் நிரம்பியிருந்தது. அதில் குளிர்காய்ந்தபடி நான் வெந்நீர் பருகினேன்.

தங்கை வேகமாக வந்தாள். வாய் மட்டும் சிரித்தது.

“அண்ணே, எந்திரிங்க.”

“ஏன், யாராவது வரணுமா?”

“வந்து, ஒங்களுக்கு வெந்நியும் கொண்டாந்து குடுத்துட்டு நிக்கிறாரு. மாப்பிள்ளையோட ஆபீசுல இவருதான் பெரிய தலை. இது இவரு எடம்.”

கோப்பையைக் கீழே வைத்தேன். ஆயினும் உரிமைப்போர் முடியவில்லை.

“அப்ப தாய்மாமனுக்குக் கதவு மூலையா?”

“கார்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அவுங்க வழக்கத்துல வந்தவங்கதான் முன்னாடி. வீட்டுக்காரங்க கடைசி மேசை. ரெண்டு வீட்டையும் ஒரே மேசையில போடுங்கன்னு கேட்டதே அந்தப் பெரியவருதான். அவரு பக்கத்து நாற்காலி இவ அப்பாவுக்குள்ளது. அதுல ஒங்களப் போட்டாங்க. நீங்க கும்பிட்டுட்டு வந்துட்டீங்க.” அவள் குரல் இறங்கியது. “பொண்ணு வீட்டுல எங்கள ஒறவாச் சேத்துக்க மாட்டாங்களான்னு இப்ப மகன்கிட்ட கேட்டாராம்.”

எழுந்தேன். நடு நாற்காலிக்கும் கதவுக்கும் இடையே உள்ள தொலைவு, வந்தபோது இருந்ததைவிட நீண்டிருந்தது. மாமனார் மறுபடி எழுந்து, மறுபடி நாற்காலியை இழுத்துவைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அமர்ந்தேன், கதவு திறந்து முதுகில் இடித்தது. தங்கை எதிரே அமர்ந்து, தட்டைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துரையும் எனக்கில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெந்நீர் கொண்டுவந்த அப்பெரியவரே எழுந்து பேசினார். மிகச் சுருக்கமாகப் பேசினார்.

உணவு பாதி நடந்தபோது மாமனார் ஒரு பீர்ப்புட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சில அடி நடந்தவர் நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். அவர்கள் வழக்கப்படி விருந்தின் நடுவே உடைமாற்றச் சென்றுகொண்டிருந்த மருமகள் எங்கள் மேசையருகே குனிந்தாள்.

“ஊஜீ மாமா, வீட்டுக்காரங்க போயி எல்லாருக்கும் ஊத்தணும். ஒங்களுக்கு ஆகாதுன்னு அவர்கிட்ட நான் சொல்லிர்றேன்.”

எனக்கு ஆகாதுதான். உறவினர் வீட்டுத் திருமணங்களில் மதுவின் தீமைகளைப்பற்றி, எவரும் கேளாமலே, பந்திக்குப் பந்தி பேசியவன் நான். தங்கையின் முகத்தைப் பார்த்தேன். மேசையிலிருந்த இன்னொரு புட்டியை எடுத்துக்கொண்டு மாமனாரின் பின்னே போனேன்.

முதல் விருந்தினர், வேறு யார், வெந்நீர்ப் பெரியவர்தான். மாமனார் எனக்கு வழிவிட்டு நின்றார். பீர் ஊற்றுவதை வாழ்நாளில் கவனித்தவனல்லன். எனக்குத் தெரிந்ததெல்லாம் காப்பி ஆற்றுவது. அந்தப் பழக்கத்தில் புட்டியை உயரத் தூக்கிச் சரித்தேன். நுரை பொங்கி, கோப்பையைக் கடந்து, அவருடைய சட்டைக் கைக்குள் புகுந்தது. என் அங்கவத்திரத்தால் துடைத்தேன். அதன் சரிகை அவருடைய பொத்தானில் மாட்டிக்கொண்டது. உடைமாற்றப் போன மருமகள் பாதியில் திரும்பி ஓடிவந்தாள்.

மாமனார் அவர்முன் இடுப்பு மடியக் குனிந்தார். குனிந்தபடியே நெடுநேரம் பேசினார். மருமகளை இதற்காகவா ஜப்பானிய மொழி படிக்கவைத்தாள் தங்கை என்று எண்ணி, சரிகையை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மருமகளிடமே மெல்லக் கேட்டேன்.

“என்னம்மா சொல்றாரு?”

“இவரு எங்க வீட்டு ஆளு. இதெல்லாம் பழக்கமில்ல. நாந்தான் சொல்லிக் குடுத்திருக்கணும், என் தப்பு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு.”

“யாரைச் சொல்றாரு?”

“ஒங்களத்தான் மாமா.” அவள் கண் ஏனோ கலங்கியிருந்தது. “அயலாளுக்காக இப்படிக் குனியமாட்டாங்க.”

அவள் தாயிடம் ஓடிப்போய் அதைச் சொல்வது தெரிந்தது. மாமனார் நிமிர்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து, புட்டியை எவ்வளவு சரிக்கவேண்டும் என்று காட்டினார். பிறகு அடுத்த மேசைக்கு என்னை அழைத்துப் போனார்.

அங்கேயும் நுரை வழிந்தது. அவர் குனிந்தார், இம்முறை நானும் உடன் குனிந்தேன். குனிந்தபடியே, அவர் கைக்கு அடியில் கடைசி மேசையைப் பார்த்தேன். தங்கை தன் தட்டில் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.