ஏழு பேர் கோலாட்டம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று பஸ்ஸில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் என்னோடு கோலாட்டம் ஆட வரச்சொல்லிக் கெஞ்சினேன்.

எங்கள் கோயில் குழுவில் ஏழு பேர். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். "ஆள் கிடைக்கலைன்னா, நவராத்திரிக்கு நீ உட்கார்ந்து பாரு" என்று தலைவி கமலாக்கா சொல்லிவிட்டார்.

தேக்கா நிறுத்தத்தில் மல்லிகைப்பூவோடு ஏறினார் அந்தப் பெண். அம்மனே அனுப்பிய ஆள் என்று நினைத்துக் கேட்டேன்.

"எனக்கு முட்டி வலி லா அக்கா. கோலாட்டமெல்லாம் யூடியூப்ல பாத்துக்கறேன்" என்றார்.

"உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இதெல்லாம் அழியுது!" என்று கத்திவிட்டு, வழியிலேயே இறங்கி மழையில் அழுதுகொண்டு நடந்தேன்.

புக்கிட் பாத்தோக் பக்கம் எங்களோடு ஆட யாராவது வருகிறீர்களா? முட்டி வலி இருந்தாலும் பரவாயில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. போன மாதம் நான் அடம்பிடித்துச் சேரும்வரை, குழுவில் ஆறு பேர்தான்.