சத்தம் வருது, பரிவட்டம் தெரியல

போன வாரம் ஒரு மத்தியானம் முழுக்க என் பழைய கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினேன். நாலு மணிக்குள் ஒரு வீடியோ ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் குடும்ப மானமே போய்விடும் என்று பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் சண்முகம் அண்ணாச்சி, என் பெரியப்பா மகன். வாசுதேவநல்லூரிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி தென்காசிக்கு வந்துவிட்டார். கையில் ஒரு சிடி.

ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வருகிறது. முதல் பரிவட்டம் யாருக்கு... அதாவது, கோயில் பட்டுத் துணியை யார் தலையில் முதலில் கட்டுவது? "அந்தக் காலத்துல எங்க அப்பாவுக்குத்தான் கட்டினாங்க, வீடியோவே இருக்கு" என்று அண்ணாச்சி ஊர்க் கூட்டத்தில் சவால் விட்டிருக்கிறார். அதே உரிமையைக் கேட்கிற கீழத்தெரு முத்தையா வீட்டாரும் வீடியோவில் இருப்பதே முடிவு என்று ஒத்துக்கொண்டார்கள். சிடி போடுகிற கம்ப்யூட்டர் என்னிடம்தான் மிச்சம். ஆகவே நாலு மணிக்கு முத்தையா என் வீட்டுக்கு வருகிறார்.

சிடியைப் போட்டேன். மேளம் கேட்டது. குலவை கேட்டது. திரை மட்டும் கறுப்பு!

"என்னலே, கரண்டு போயிட்டா?"

"இல்ல அண்ணாச்சி. கோடெக் இல்லையாம்."

"அது என்னது?"

"படத்தைச் சுருக்கி மடிச்சு வச்சிருக்காங்க. பிரிக்கிறதுக்கு ஒரு சாமான் வேணும்."

பழைய பிளேயருக்கு கோடெக் தேடியிருக்கிறீர்களா நீங்கள்? ஒரே பக்கத்தில் ஐந்து பச்சை பட்டன். ஐந்திலும் 'டவுன்லோட்'. எது நிஜம்? ஒன்றை அமுக்கினேன். குற்றாலத்தில் மழையா என்று சொல்வதற்கு ஒரு டூல்பார் வந்து உட்கார்ந்தது. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறதே!

இன்னொன்று, 'உங்கள் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு' என்று முகத்துக்கு நேராகச் சொன்னது. எரிச்சல் தலைக்கேறியது. மணி இரண்டரை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். டவுன்லோட் ஆவதைக் காட்டும் பச்சைக் கோடு தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் போய் நிற்கிறதே, ஏன்?

அண்ணாச்சிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. சத்தத்தை வைத்தே எனக்குப் படம் காட்டினார்.

"இந்தா, சாமியாடி வருதாரு... கேட்டியா, அப்பா சத்தம்! 'கட்டுங்க, கட்டுங்க'ங்காரு. இப்பம் அப்பா தலையில கட்டுதாங்க!"

எனக்கு லேசாக இடித்தது. தன் தலையில் கட்டச் சொல்லி யாராவது கத்துவார்களா?

"அண்ணாச்சி, நீங்க இதைப் பாத்திருக்கீங்களா?"

"பாக்கணுமாலே? நானும் அங்கனதான் நின்னேன். வெளிய வெடி போட்டுக்கிட்டு."

மூன்றே முக்காலுக்கு, ஐந்தாவதாகப் போட்ட கோடெக்கில் படம் வந்துவிட்டது. பெரியப்பா! துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முத்தையாவின் அப்பாவைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளுகிறார். அவர் கூச்சப்பட்டுப் பின்வாங்குகிறார். பெரியப்பா விடவில்லை. பூசாரியிடம் கையைக் காட்டி, "கட்டுங்க, கட்டுங்க" என்கிறார். பட்டு அந்த மனிதர் தலையில் ஏறுகிறது.

அண்ணாச்சி திரும்ப ஓடவிடச் சொன்னார். பார்த்தார். இன்னொரு முறை. முகம் சுண்டிப்போனது. எனக்கும்தான்... அது என் குடும்பமும்தானே?

"ஏலே, அந்தக் கோடெக்கக் கழட்டிரு. சத்தம் போதும்."

ஐந்து கோடெக் போட்டிருக்கிறேன், டூல்பார் தனி. எதைக் கழட்டினால் படம் போகும்? சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கழட்டியிருப்பேனோ என்னவோ. மவுஸை எடுத்தேன். அதற்குள் வாசலில் பைக் சத்தம். முத்தையா வந்துவிட்டார். மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவருக்கும் பயம்தான்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுலே" என்றார். "அப்பா கையைக் காட்டுத இடத்துல மட்டும் கொஞ்சம் நிறுத்து. கட்டச் சொன்னது யாருன்னு முத்தையா நல்லாப் பாக்கட்டும்."