வள்ளிக்கண்ணு அக்காவின் மீதி ஏழு நாள்

பள்ளிக்கூட அலுவலகத்தில் காலை வருகைப் பதிவேடுகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கணவரிடமிருந்து போன் வந்தது. "அண்ணி போயிட்டாங்க" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். அசட்டுக் கேள்விதான். நாலு நாளாகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர் எங்கே போயிருக்க முடியும்? ஆனாலும் அந்த ஒரு விநாடி, யாரிடமும் சொல்லாமல் எழுந்து கட்டுமாவடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வள்ளிக்கண்ணு அக்கா எங்கள் வீட்டு மூத்த மருமகள். நான் இளையவள். ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் ஒரு சண்டையாவது நடந்திருக்கும் என்பார்கள். எங்களுக்குள் இருபத்திரண்டு வருஷத்தில் நடந்ததெல்லாம் பாட்டைப் பற்றிய சண்டைதான்.

அவர் இறந்த அன்று சாயங்காலமே கீரமங்கலம் கடைத்தெருவில் பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். படத்துக்குக் கீழே "ஓய்வறியா உழைப்பாளி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவருக்கு ஓய்வே தெரியாமல் போனது பெருமையா? பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள், ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று கேட்டார்கள். ஒரு பக்கத்துக்குள் என் கோபமே அடங்காது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். பிடிக்காததை அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

எங்கள் வீட்டுக்குப் பூத்தோட்டம்தான் சோறு. மல்லிகை குளிர்காலத்தில் ஓய்ந்துவிடும். காக்கரட்டான் ஓயாது. பார்க்க மல்லிகை மாதிரியே இருக்கும், வாசம் கொஞ்சம் மட்டு, மார்கழிப் பனியிலும் மொட்டு வைக்கும். மல்லிகை இல்லாத நாளில் அதற்குத்தான் கிராக்கி. விடியுமுன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால்தான் சந்தைக்கு மொட்டாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். ஒரு நாள் தப்பினால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவைச் சந்தையில் யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மாட்டுக்காவது ஒரு நாள் வைக்கோலைப் போட்டுவிட்டு வெளியூர் போய்வரலாம். பூவுக்கு அப்படி எதுவும் போட முடியாது.

நான் வாழ வந்த மறுநாள் காலையில் எழுந்து கொல்லைப் பக்கம் போனபோது தோட்டத்துக்குள்ளிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டு கேட்டது. பனிக்குள் ஒரு சின்ன வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. இடுப்பில் மடி கட்டி, கழுத்தில் சின்ன ரேடியோவைக் கயிற்றால் தொங்கவிட்டு அக்கா பூ எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "வா. சத்தம் போடாத. இப்ப ரெண்டாவது சரணம் வருது, அதக் கேளு" என்றார். புதுப்பெண்ணிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

அவருக்கு ராகம் தாளம் எல்லாம் இரண்டாம்பட்சம். சொல்தான் வேண்டும். "மெட்டு மாப்ள அழைப்பு மாதிரி, தடபுடலா வரும், போயிரும். அதுக்கப்புறம் குடும்பம் நடத்துறது சொல்லுதான்" என்பார். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். கல்யாணத்துக்குக் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியில், கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன. சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் அதில் ஒன்றை எடுத்துப் பாடாமல் வாசிப்பார். நல்ல வரி வந்தால் புத்தகத்தை மார்பில் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். "எழுதிப்புட்டாருடி" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஆனால் அவருக்குத் தெரிந்த விஷயத்தில் பாட்டெழுதியவர் தப்புச் செய்தால் விடமாட்டார். தோட்டத்துப் பூவெல்லாம் சிரிக்கிறது என்று ஒரு வரி வருகிற பழைய பாட்டு அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வரி வரும்போது மட்டும் சிடுசிடுப்பார். "இத எழுதுனவரு ஒரு நாளாச்சும் பூ எடுத்துருப்பாரா? மொட்டுலயே கிள்ளிப்புடுறோம். அது எப்பச் சிரிக்கிறது?" என்பார். "பாட்டுன்னா அப்படித்தான் அக்கா" என்று நான் சொன்னால், "அப்ப மத்ததெல்லாமும் பொய்யா?" என்று திருப்பிக் கேட்பார். இருபத்திரண்டு வருஷமும் இதே சண்டைதான்.

அவர் பூ விரிந்து பார்த்ததே இல்லை என்பது மிகையில்லை. ஊரடங்கில் சந்தை மூடிக் கிடந்தபோதும், பறிக்காவிட்டால் செடி கெட்டுவிடும் என்று மொட்டுகளைக் கிள்ளிக் குழியில் கொட்டினோம். வாங்க ஆளில்லாத பூவுக்கும் அதே நேரம் எழுந்தார் அக்கா. மாமியார் இறந்தபோது தீட்டென்று தோட்டத்தை விட்டுவைத்தோம். அந்த நாட்களில் வந்த சனத்துக்கெல்லாம் ஆக்கிப்போட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு அவர் வெளியே வரவில்லை.

பனி அவர் நெஞ்சில் இறங்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. கார்த்திகையில் இருமல் தொடங்கும், மார்கழியில் இழுக்கும், மாசி பிறந்தால்தான் மூச்சு சீராகும். புதுக்கோட்டை டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "பனியில நிக்கவே கூடாதுங்க. வருசா வருசம் இந்தக் குளிருக்குப் பத்து நாளாச்சும் கடக்கரைப் பக்கம், வெதுவெதுன்னு இருக்குற எடத்துல போயி சும்மா இருங்க" என்றார் அவர். அக்கா என்னைப் பார்த்து, "சும்மா இருக்கச் சொல்றாரு. அதுக்கு மருந்துக் கடையில சீட்டு எழுதித் தருவாரா?" என்று கேட்டார். டாக்டரே சிரித்துவிட்டார்.

என் சித்தி மகள் கடலோரத்துக் கட்டுமாவடியில் இருக்கிறாள். அவள் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அந்த இரண்டு மணி நேரத் தூரத்தைக் கடக்க அக்காவுக்கு மூன்று வருஷம் ஆனது. ஒரு வருஷம் பூ எடுக்க ஆள் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் மகள் பிரசவம், அதற்கடுத்து வேறொன்று. நாலு வருஷத்துக்கு முன் பொங்கல் கழிந்த வாரம் நான் பிடிவாதமாக நின்று சாதித்தேன். பத்து நாளைக்கு ஆள் பேசினோம். பொடி இடித்து, ஊறுகாய் போட்டு, எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறதென்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினோம். செத்தாலும் இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது என்று அப்போது கேலி செய்தேன். அதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதல் நாள் விடியுமுன்னே அக்கா எழுந்து உட்கார்ந்து தலைமாட்டில் நெற்றி லைட்டைத் தேடினார். எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்ததும் மறுபடி படுத்தார். ஆனால் அவர் விரல்கள் போர்வை ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறு கை ஆரம்பித்தது.

இரண்டாம் நாள் முகத்தில் வெயில் விழும்வரை தூங்கினார். எழுந்ததும் திருடி மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். பத்து மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். வெயில் இதமாக முதுகில் ஏறியது. வலை கோத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் அக்கா போய் நின்று, "தம்பி, அலை தாலாட்டும்னு பாட்டெல்லாம் வருதே, நெசமா?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, "தாலாட்டவா? ஒரு நா ஏறி வாங்கத்தா, கொடலப் பொரட்டிரும்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா, இவுக கடல்லயும் அதே கததான்" என்று என் தொடையில் அடித்தார். அவ்வளவு சிரித்தும் ஒரு இருமல் வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் மூச்சில் இழுப்பே இல்லை. மாடியில் பாய் விரித்து, கால்களை வெயிலில் நீட்டி, செல்போனில் ஒவ்வொரு பாட்டாக முழுசாகக் கேட்டார். தோட்டத்தில் பாட்டு காதில் விழும், கை வேலை செய்யும். இங்கே கைக்கு வேலையில்லை. "இத்தன வருசம் பாதிப் பாட்டுதான்டி கேட்டுருக்கேன்" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டேன். "அக்காவுக்கு இப்ப சுத்தமா சரியாயிருச்சு. மூச்சு இழுக்கவே இல்ல" என்று பெருமையாகச் சொன்னேன். கூட்டிவந்தவள் நானல்லவா, நல்ல பேர் எடுக்க வேண்டாமா? என் கணவர் அதை அப்படியே தன் அண்ணனிடம் சொன்னார். அடுத்தடுத்து முகூர்த்த நாள்கள், பேசியிருந்த ஆட்களில் பாதிப் பேர் வரவில்லை, காக்கரட்டான் விலை உச்சத்தில் இருந்தது. "சரியாயிருச்சுல்ல, அப்ப வந்துரட்டும்" என்றாராம் மூத்தார். மறுநாள் காலையில் பூ ஏற்றுகிற குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது.

மாடியில் அப்போது அந்தச் சிரிக்கிற பூவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முதல் சரணம் முடிந்திருந்தது. அக்கா எட்டிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொல்லி அழுதேன். "உண்மையத்தானடி சொன்ன, அதுக்கு ஏன் அழுவுற?" என்றார். பிறகு பாட்டை நிறுத்தினார். "மீதிய வந்து கேக்குறேன். எனக்கு ஏழு நாளு இங்க கெடக்கு" என்று பாயைச் சுருட்டினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூத்தார் கெட்டவர் அல்ல. இதைப் படிக்கிறவர்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. அவரும் அந்தத் தோட்டத்தை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்கியவரில்லை. செடி அவரையும் கட்டித்தான் போட்டிருந்தது. ஆனால் கட்டப்பட்ட இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் நெஞ்சில் பனி இறங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு தையிலும் "என் ஏழு நாளு பத்தரமா இருக்கா?" என்று கேட்பார். "இருக்குங்க்கா" என்பேன். போக முடியவில்லை. அந்தப் பாட்டை மட்டும் அவர் பிறகு முழுசாகக் கேட்டதில்லை. தோட்டத்தில் அது வந்தால் முதல் சரணம் முடிந்ததும் நிறுத்திவிடுவார். "அது அங்க வச்சுக் கேக்க வேண்டியது" என்பார். இந்த வருஷம் கண்டிப்பாகப் போகிறோம் என்று கார்த்திகையிலேயே சித்தி மகளிடம் சொல்லிவைத்திருந்தேன். மார்கழி தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்குக் குழாயை ஒதுக்கிக்கொண்டு என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது, "இங்க படுத்துருக்குற நாள என் ஏழு நாள்ல கழிச்சிராதடி" என்பதுதான்.

தீட்டு வீட்டுப் பூ கோயிலுக்குப் போகக் கூடாது என்பதால் தோட்டத்தில் யாரும் இறங்கவில்லை. கிள்ளிக் குழியில் கொட்டவும் யாருக்கும் கை வரவில்லை. அவருக்குப் போட்ட மாலையே கடையில் வாங்கியதுதான். பால் தெளித்து முடித்த மறுநாள் காலை நான் கொல்லைப் பக்கம் போனேன். வரப்பில் மூத்தார் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். தோட்டம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இலை தெரியாமல் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. வெயில் அப்போதுதான் அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தது.

என்னிடம் நேருக்கு நேர் அதிகம் பேசாதவர், திரும்பாமலே கேட்டார்: "அன்னைக்குக் கட்டுமாவடில அவ நெசமாவே நல்லாத்தான் இருந்தாளா?"

"நல்லா இருந்தாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நான் வண்டிய அனுப்பிருக்கக் கூடாது" என்றார்.

"நான் போன் பண்ணிருக்கக் கூடாது" என்றேன்.

அவர் மெதுவாக உள்ளே போய்விட்டார். நான் செல்போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டு, நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் விட்டேன். கடல் இல்லை, மாடி இல்லை. என்னால் முடிந்தது அதுதான்.

அக்கா, உங்களோடு போட்ட சண்டையில் ஒன்றை மட்டும் முடித்துவைத்து உங்களை வழியனுப்புகிறேன். அந்தப் பாட்டெழுதியவர் பொய் சொல்லவில்லை. பூ சிரிக்கத்தான் செய்கிறது. நாம்தான் ஒரு நாள்கூட விட்டுவைக்கவில்லை.