அய்யாக்குட்டி பற்றவைத்த தகடு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாரம் ஊரிலிருந்து வந்த முதல் பஸ்ஸின் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் பட்டறைக்குள் வந்தார். “மேஸ்திரியே, அய்யாக்குட்டி போயிட்டான். நேத்து சாயங்காலம் காஸ் டிரம் வெடிச்சுப் போச்சு” என்றார். நான் கண்ணிலிருந்த நீலக் கண்ணாடியைக் கழற்றினேனா என்பதுகூட நினைவில்லை. அடுத்து அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. “அவனுக்குச் சர்ட்டிபிகேட் கிடையாதுல்லா. வேற என்ன நடக்கும்?”

அடக்கத்திலும் இதே பேச்சுத்தான். எங்கள் பஸ் கம்பெனி முதலாளி காரில் வந்து இறங்கி, “பரீட்சை எழுதி ஜெயிச்சவன் செய்ய வேண்டிய சோலி இது. தீயோட வெளையாடப்படாது” என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். நாலு பேரும் தலையாட்டினார்கள். அய்யாக்குட்டி கைபட்டுச் சரியான வண்டியில் ஏறித்தான் அவர்கள் அங்கே வந்திருந்தார்கள்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு இரங்கல் தாள் அச்சடிக்கிறார்களாம். கூட வேலை செய்தவன் என்பதால், நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தைக்கு எனக்கு இப்போது மனமில்லை. அவனை அறிந்த உங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுங்கள்.

நானும் அவனும் ஒரே மாதத்தில் நாகர்கோவில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே வயது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். அவன் எழுத்துக்கூட்டி வாசிப்பான். சில வருஷம் கழித்துக் கம்பெனி காஸ் வெல்டிங் இயந்திரம் ஒன்று வாங்கியது. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும். அதை ஆக்ஸிஜனோடு சேர்த்துக் கொளுத்தினால் இரும்பே உருகும். அதோடு வந்த மதராஸ்காரர் பத்து நாள் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் சொன்னதையெல்லாம் நான் நோட்டில் எழுதினேன். அய்யாக்குட்டி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராவது நாள் என்னிடம் நோட்டு இருந்தது, அவனிடம் வேலை இருந்தது.

நான் பற்றவைத்த இடத்தை அவன் விரலால் தடவிப் பார்ப்பான். “ஒட்டுனா போதாது மக்கா. ரெண்டும் உருகிச் சேரணும். ஒட்டுனது முதல் குழியிலயே விட்டுரும்” என்பான். அப்போது எனக்குக் கோபம் வரும். இவன் யார் எனக்குச் சொல்ல என்று நினைப்பேன். அவன் சொன்னபடியே அது முதல் குழியில் விட்டுவிட்டுத் திரும்பி வரும்.

ஒருமுறை ஆரல்வாய்மொழிக் கணவாயில் எங்கள் பஸ் ஒன்று அடிச்சட்டம் முறிந்து நின்றது. இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆடி மாதக் காற்று. நான் தீயைப் பற்றவைப்பேன், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். அய்யாக்குட்டி பயணிகளை எல்லாம் கூப்பிட்டுச் சுவர் மாதிரி வரிசையாக நிறுத்திவிட்டான். அதில் பெரிய நிலக்காரர் ஒருவரும் உண்டு. “பண்ணையாரே, கொஞ்சம் இங்க நெருங்கி நில்லுங்க. ஒங்க தடிச்ச ஒடம்பு இண்ணைக்குத்தான் நாட்டுக்கு ஒதவுது” என்றான். அவரும் சிரித்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது என்னிடம், “தீயைக் கண்டு பேடிக்காண்டாம் சாமுவேலு. காத்தைக் கண்டுதான் பேடிக்கணும்” என்றான்.

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. தீயைக் கொளுத்துமுன் தோள்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்வான். அவன் அய்யாவழிக் குடும்பத்தவன். அவர்கள் நிழல்தாங்கலில் வணங்கும்போது ஆண்கள் தலைக்கட்டோடுதான் நிற்பார்கள். இவன் அதைப் பட்டறைக்கும் கொண்டுவந்துவிட்டான். “பூசைக்கு நேரமாச்சுடே” என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் சிரிப்பானே தவிர, ஒருநாளும் கட்டாமல் தீயைத் தொட்டதில்லை.

திருவிதாங்கூரில் கோயில் கதவுகள் எல்லாச் சாதியாருக்கும் திறந்த மறு வருஷம், முதலாளி எங்கள் இருவரையும் சர்ட்டிபிகேட் பரீட்சைக்குத் திருவனந்தபுரம் அனுப்பினார். அது நடந்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். ஜெயித்தவனே இனி எங்கள் பட்டறையில் வெல்டிங் மேஸ்திரி, சர்ட்டிபிகேட் இல்லாதவன் தீயைத் தொடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார். பஸ்ஸில் போகும்போது நான் அவனிடம், “பெரிய அதிகாரி முன்னால தலைக்கட்டு வேண்டாம்டே. ஒரு நேரம் அவுத்தா என்ன? நாங்க ஜெபத்துக்கே தலையைத் தொறந்துதான் நிக்கோம்” என்றேன்.

குழித்துறைப் பாலத்தில் அவன் தோள்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். “நீங்க தொறந்து நிக்கியது கடவுளுக்க முன்னால. நாங்க கட்டி நிக்கியதும் கடவுளுக்க முன்னால. அதுல ஒரு தர்க்கமும் இல்ல. மனுசன் சொல்லி அவுத்தா அது வேற மக்கா. எனக்க பாட்டனையும் ஒரு மனுசன்தான் அவுக்கச் சொன்னான்.”

அவர்கள் சாதி ஆண்கள் தலைக்கட்டு கட்டக்கூடாதென்று ஒரு காலத்தில் தடை இருந்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் சபையில் தொப்பியைக் கழற்றுவது மரியாதை. அவனுக்கும் அது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பரீட்சை இதுதான். இரண்டு தகடுகளை ஒன்றாகப் பற்றவைக்க வேண்டும். ஆறிய பிறகு அதில் சுண்ணாம்புக்கட்டியால் நம் எண்ணை எழுத வேண்டும். அதிகாரி அதை இடுக்கியில் மாட்டிச் சம்மட்டியால் அடித்து வளைப்பார். விரிசல் விடாமல் வளைந்தால் சர்ட்டிபிகேட். எனக்கும் அவனுக்கும் ஒரே மேசை. தீயை ஒரே இடத்தில் அதிக நேரம் பிடித்துவிட்டேன். தகட்டின் நடுவில் ஓட்டை விழுந்தது. அடைக்கப் போனால் ஓட்டை பெரிதானது. அவனோ வேலையை முடித்துத் தகட்டைச் செங்கல்மேல் ஆற வைத்திருந்தான். கையிலிருந்த டார்ச்சின் தீயை மட்டும் இன்னும் அணைக்கவில்லை. அப்போது அதிகாரி எங்கள் பக்கம் வந்தார்.

“தலேக்கெட்டு அழிக்கெடா” என்றார் மலையாளத்தில்.

“ஐயா, மரியாதைக்கேடு இல்ல. தீயிக்க முன்னால கட்டுறது. தீயை அணைச்ச ஒடனே நானே அவுத்துருவேன்.”

அவிழ்க்கிறாயா, வெளியே போகிறாயா என்று அவர் கேட்டார். அய்யாக்குட்டி இரண்டு குழாய்களையும் ஒவ்வொன்றாக மூடினான். டார்ச்சை அதன் இடத்தில் வைத்தான். தலைக்கட்டோடு வெளியே போனான். அதிகாரி அவன் முதுகைப் பார்த்து ஏதோ சொல்ல, அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் தலை திறந்துதான் இருந்தது.

செங்கல்மேல் அவன் தகடு கிடந்தது. அதில் எண் எழுதவில்லை. நான் என் எண்ணை அதில் எழுதினேன். என் ஓட்டைத் தகட்டை மேசைக்கு அடியில் குப்பையில் தள்ளினேன். மத்தியானம் அதிகாரி அடித்த அடியில் அந்தத் தகடு லாடம் மாதிரி வளைந்தது. ஒரு கீறல்கூட இல்லை. “பலே” என்று என் தோளில் தட்டினார்.

வெளியே ஆலமரத்தடியில் காத்திருந்த அய்யாக்குட்டி, “ஜெயிச்சியா?” என்று கேட்டான். சர்ட்டிபிகேட்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். என் கை லட்சணம் அவனுக்குத் தெரியாதா? உள்ளே மேசையில் நான் ஓட்டை போட்டதையும் பார்த்தவன்தானே? “ஒனக்க பேரை நல்ல வடிவா எழுதியிருக்கான்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

நான் மேஸ்திரியானேன். அவன் சக்கரங்களுக்கு மசகு போட்டான். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொட்டாரத்தில் சொந்தமாகக் கொட்டகை போட்டான். இயந்திரம் விற்பவன் சர்ட்டிபிகேட் கேட்டான். ஒருநாள் அய்யாக்குட்டி என்னைத் தேடி வந்தான். “சாமுவேலு, ஒனக்க பேருல ஒரு மிஷின் வாங்கித் தாறியா?” அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். “முதலாளி அறிஞ்சா எனக்க சோலி போயிரும்டே” என்றேன். “செரி, விடு” என்றான். அடுத்த மாதம் எண்ணெய் டிரம்மை வெட்டித் தானே ஒரு வாயுக்கலம் செய்துகொண்டான். அதை வைத்து இரண்டு வருஷம் பிழைத்தான்.

வெடித்த டிரம்மை நான் புரட்டிப் பார்த்தேன். அவன் பற்றவைத்த இடம் ஒன்றும் விடவில்லை. டிரம் செய்த ஆலையில் மடித்திருந்த அடித்தகடுதான் பிய்ந்துபோயிருந்தது. நல்ல இயந்திரம் இருந்திருந்தால் அவன் இன்று இருப்பான். தொழில் தெரியாமல் செத்தான் என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிறுதோறும் சபையில் முதல் வரிசையில் உட்காருகிறவன் எழுதுகிறேன், அவனைக் கொன்றதில் எனக்குப் பங்கு உண்டு.

நேற்று சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அவன் மனைவி பொன்னம்மையைப் பார்க்கப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணே. அவிய அண்ணைக்கே வந்து சொல்லிட்டாவ.”

“பின்னே ஏன் ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல?”

“நானும் கேட்டேன். ‘அவனுக்கு மூணு பிள்ளைய இருக்கு, விடு’ன்னு சொன்னாவ. எங்களுக்கும் ரெண்டு உண்டும்லா அண்ணே.”

காகிதத்தை அவளிடம் நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. “அவிய பேரு அதுல இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “பின்ன எனக்கு எதுக்கு? கொண்டு போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொண்டுவந்துவிட்டேன். அவனுடையதென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அய்யாக்குட்டிக்குச் சர்ட்டிபிகேட் கிடையாது என்று இனி யாராவது சொன்னால் என் வீட்டுக்கு அனுப்புங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.