பனி இல்லாத மலை

சுவிஸுக்கு வருகிறவர்கள் பனிமலையைத் தேடிப் போவார்கள். எண்பதுகளின் நடுவில் நானும் என் அறை நண்பனும் பனி இல்லாத மலையொன்றைத் தேடி அலைந்தோம்.

வினை ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. ஓல்டன் நகருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், முழங்கால் அளவு பனிக்குள் இரவல் கோட்டோடு நின்று அவன் ஒரு படம் எடுப்பித்தான். எடுத்தவன் நான். பழைய சாமான் சந்தையில் ஒரு கமரா வாங்கியிருந்தேன். நூலகத்தில் ஒளி, நிழல் பற்றிய ஜெர்மன் புத்தகமொன்றை இரவல் எடுத்து, படங்களை மட்டும் கவனமாகப் பார்த்து முடித்திருந்தேன். ஆகவே கலைஞன்.

படம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் அவனுடைய அம்மா அதைச் சாமியறையில் வைத்துவிட்டார். பிள்ளை பனியை விட்டு வெளியே வருமட்டும் தான் ஒரு நேரம்தான் சாப்பிடுவதென்று பிள்ளையாருக்கு நேர்ந்தும் விட்டார். அவருக்குச் சீனி வருத்தம்; பட்டினி கிடக்கக் கூடாத நீரிழிவு. இரண்டு முறை மயங்கி விழுந்ததாகச் செய்தி வந்தது.

அந்தக் காலத்தில் ஊரிலிருந்து குரல் கசெற்றில்தான் வரும். அவன் இங்கிருந்து, "கோடை வந்திட்டுது அம்மா, பனியெல்லாம் போட்டுது" என்று பதிந்து அனுப்பினான். பதில் கசெற்றில் அம்மா சொன்னார்: "சும்மா சொல்லாதை. காலமை விளக்கு வைக்கேக்கையும் பாத்தனான். அதுக்குள்ளதான் நிக்கிறாய்."

அந்த நியாயத்தை எந்தப் புத்தகத்தாலும் மறுக்க முடியாது. இன்னொரு படம்தான் வழி என்று முடிவெடுத்தோம். உணவகமொன்றில் இருவரும் கோப்பை கழுவினோம்; செவ்வாய் லீவு. செவ்வாய்தோறும் ரயில் ஏறினோம். ஆனால் இந்த நாட்டில் கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூலையில் வெள்ளையாக ஏதாவது எட்டிப் பார்க்கும். ஷாஃப்ஹவுசன் கோட்டையில் பனி இல்லை, மழை இருந்தது. "நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறன் அண்ணை. இதைக் கண்டா அம்மா அந்த ஒரு நேரத்தையும் விட்டிடுவா" என்றான்.

கூட வேலை செய்த இத்தாலியச் சமையற்காரர்தான் சியோன் என்ற ஊரைச் சொன்னார். பேர்னைத் தாண்டி, நீண்ட சுரங்கத்துக்கு அப்பால், மழை மறந்துபோன பள்ளத்தாக்கு என்றார்.

சுரங்கத்துக்குள் நுழையும்போது யன்னலில் பச்சையும் தூறலும். வெளியே வந்தபோது வேறொரு நாடு. காய்ந்த புல், மண்ணிறப் பாறை, கண் கூசும் வெயில். சியோனில் ஊருக்கு நடுவே மொட்டைக் குன்றுகள் இரண்டு எழுந்து நின்றன. ஒன்றின் தலையில் இடிந்த கோட்டை. ஏறும்போது பாறை, செருப்பையும் தாண்டிச் சுட்டது. பல்லி ஓடியது. பாதி வழியில் அவன் நின்றுவிட்டான்.

"அண்ணை, நாகதாளி."

சப்பை சப்பையான முள் இலைகளோடு, பாறை இடுக்கில், எங்கள் வேலியோரத்தில் நிற்கிற அதே கள்ளிச் செடி. ஆல்ப்ஸ் மலைக்குள் இது எப்படி வந்தது? யாராவது கொண்டுவந்தார்களா, கோட்டையைவிட மூத்ததா? அறியாமல் இறங்குவதில்லை என்று, கோட்டை வாசலில் இருந்த காவலாளியிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் மிக அன்பாக, கையை நாலு திசையும் வீசி, நெடுநேரம் பிரெஞ்சில் விளக்கினார். முழு வரலாறும் அதில் இருந்திருக்க வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பள்ளத்தாக்கை மட்டும் தனியே ஒரு படம் எடுத்தேன்.

"ஒருத்தரும் இல்லையே?" என்றான் அவன்.

"மலை இருக்கு."

"மலைக்கென்ன, தாய் தேப்பன் ஊரில பாத்துக்கொண்டிருக்கினமோ? பிலிமை வீணாக்காதேங்கோ."

அரைக்கைச் சேட்டோடு நாகதாளிக்குப் பக்கத்தில் நின்றான். தூரத்துப் பனிச் சிகரங்கள் இடிந்த மதிலுக்குப் பின்னால் மறையும்படி நான் முள்ளுக்குள் முழங்கால் போட்டு எடுத்தேன். நெற்றியில் வியர்வை மினுங்கியது. இதைவிட என்ன வேண்டும்?

மத்தியானம் மதிலில் குந்தியிருந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். அவன் வாய் நிறையச் சோற்றோடு நிமிர்ந்தபோது, பக்கத்தில் கள்ளியும் பின்னால் எட்டத்தில் பனியும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. அழுத்திவிட்டேன்.

"சாப்பிடேக்கை படம் எடுக்கிறதோ? கண்பட்டுப் போகும். கழுவி வந்த உடனை கிழிச்சுப் போடுங்கோ."

"ஓம் ஓம்" என்றேன். கிழிக்கவில்லை. அதில் ஒளி நன்றாக விழுந்திருந்தது.

வியர்வைப் படம் ஊருக்குப் போனது. நாங்கள் வெற்றியோடு காத்திருந்தோம். கசெற் வந்தது. அம்மா பேசினார்.

"எங்கையடா நிக்கிறாய்? உது மன்னார்ப் பக்கமெல்லோ. கோட்டையும் நாகதாளியும் எனக்குத் தெரியாதோ? உன்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிப் போட்டாங்கள், நீ எனக்கு ஒளிக்கிறாய். ஆமியின்ரை கண்ணிலை படாமல் இரு. எனக்கிப்ப அந்த ஒரு நேரமும் இறங்குதில்லை."

அவன் கட்டிலில் இருந்துவிட்டான். நான் அத்தனை நுட்பமாகப் பனியை மறைத்ததில் சுவிற்சர்லாந்தையே மறைத்திருந்தேன்.

சியோன் படங்களை எல்லாம் நிலத்தில் பரப்பினோம். வெயிலும் வேண்டும், வெளிநாடும் வேண்டும். இரண்டும் இருந்தது ஒன்றில்தான். சோற்றால் கன்னம் உப்பிய படத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"உதை அனுப்பினா ஊர் முழுக்கப் பாக்கும் அண்ணை. கண்ணூறு."

"கொம்மா மயங்கி விழுறதைவிடவோ?"

படத்தை வாங்கினான். பிறகு பேனையால் தன் கன்னத்தில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்தான், குழந்தைக்கு வைப்பதுபோல. உறைக்குள் போட்டான். என்னுடைய ஆளில்லாத மலையையும் கூட வைத்தேன். யாராவது ஒருவர் ரசிக்கட்டுமே.

அடுத்த கசெற் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வேலை முடிந்து வந்து, சப்பாத்தும் கழற்றாமல் போட்டுக் கேட்டோம்.

"பனி அங்காலை மலையிலைதான் கிடக்கு. நீ வெயிலுக்குள்ளை இருக்கிறாய், கண்டன். சோறும் நல்லாத்தான் தின்னுறாய். பக்கத்திலை முட்டைப் பொரியலோ? மற்றப் படத்திலை ஒருத்தரையும் காணேல்லை. எடுத்த தம்பி ஆளை நிப்பாட்ட மறந்திட்டுது போலை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சாச்சு. சரி, வைக்கிறன்."

ஆனால் பதிவை நிறுத்த மறந்துவிட்டார். நாடா ஓடிக்கொண்டிருந்தது. காகம் கரைந்தது. கோப்பை வைக்கும் சத்தம். ஒரு பெண்குரல், அவனுடைய தங்கச்சியாக இருக்க வேண்டும், "இரவுக்கும் சாப்பிடுவியளோ அம்மா?" என்று கேட்டது.

"ஓம். இப்ப சோத்திலை குழம்பை விடு."

அப்பளம் நொறுங்கியது. நாடா முடியும்வரை நாங்கள் இருவரும் அசையாமல் இருந்து அவர் சாப்பிடுவதைக் கேட்டோம்.